குணவதி காத்திருப்பதில்லை

எங்கள் அலுவலகத்தில் ஒரு சுவர் இருக்கிறது. அங்கே வேலை செய்யும் மனிதர்களைவிட அந்தச் சுவருக்கு மரியாதை அதிகம்.

சுவர் முழுக்க ஒரே திரை. தமிழ்நாட்டின் ஒவ்வொரு ஊருக்கும் அதில் ஒரு கட்டம். கட்டம் பச்சையாக இருந்தால் அந்த ஊரில் எங்கள் செயலி ஜோராக ஓடுகிறது. மஞ்சள் என்றால் முக்கி முனகுகிறது. சிவப்பு என்றால் படுத்துவிட்டது. தினமும் காலையில் மொத்த மாடியும் எழுந்து நின்று அந்தச் சுவரைப் பார்த்துக் கை தட்ட வேண்டும். இந்தக் கூத்துக்குப் ‘பச்சை நிமிடம்’ என்று பெயர். பெயர் வைத்தவர் எங்கள் துணைத்தலைவர் ஹரிபிரசாத். ஆயுத பூஜைக்கு ஊரில் எல்லோரும் வண்டிக்குச் சந்தனம் வைத்தால், இவர் ஏணி போட்டு ஏறி அந்தத் திரைக்குச் சந்தனம் வைத்தார். சந்தனம் வழிந்து கன்னியாகுமரிக் கட்டத்தை மறைத்துவிட்டது. துடைக்கட்டுமா என்று கேட்டதற்கு, “இருக்கட்டும், எப்படியும் பச்சைதானே” என்றார்.

நானும் தினமும் கை தட்டுவேன். சத்தம் வராமல் தட்டுவது எப்படி என்று முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்டுவிட்டேன்.

செயலியின் பெயர் முதல்மணி. போன் செய்தால் முதல் மணியிலேயே எடுத்துப் பேசும் என்பது விளம்பரம். எதையும் எழுத வேண்டாம், பொத்தானை அமுக்க வேண்டாம், வாயால் கேட்டால் போதும். ஆட்டோ, காஸ் சிலிண்டர், வக்கீல் என்று ஆரம்பித்துக் கடைசியில் ஆஸ்பத்திரிகளுக்கு வந்து சேர்ந்தது. இன்றைக்கு அரசாங்க ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி என்ற வித்தியாசமே இல்லாமல் மாநிலத்தில் உள்ள டயாலிசிஸ் மெஷின்கள் எல்லாம் முதல்மணியின் கையில். யாருக்கு எப்போது என்று அதுதான் தீர்மானிக்கும். அது பெயர் அனுப்பினால்தான் மெஷினின் பூட்டுத் திறக்கும். டாக்டரே கெஞ்சினாலும் திறக்காது.

இந்தச் செயலி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று கண்காணிப்பது என் பிரிவு. ஒரு நிஜ வாடிக்கையாளர் கத்திச் சொல்லும்வரை காத்திருக்க முடியாது அல்லவா? அதனால் நாங்களே சில பொய் வாடிக்கையாளர்களை உருவாக்கி வைத்திருக்கிறோம். எல்லாம் கணினி பேசும் குரல்கள். நிமிடத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு ஊரிலிருந்தும் அழைப்பதுபோல முதல்மணியை அழைத்து எதையாவது கேட்கும். சீக்கிரம் பதில் வந்தால் சுவரில் பச்சை.

அந்தக் குரல்களில் மூத்தவள் குணவதி. வயது ஐம்பத்திரண்டு என்று பதிவில் இருக்கிறது. சோதனைக்கூடத்தில் பிறந்தவள். செயலி பொதுமக்களிடம் போனபோது, சோதித்த அதே ஆள் கூடவே போய்ப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவளையும் அனுப்பிவிட்டார்கள். அவளுக்குக் கோபம் வராது, இருமல் வராது, பக்கத்தில் குழந்தை அழாது. பாடப்புத்தகம் மாதிரி பேசுவாள். “வணக்கம். நான் குணவதி பேசுகிறேன். எனக்கு நாளை காலை டயாலிசிஸ் செய்துகொள்ள இடம் வேண்டும். மிக்க நன்றி.” இந்த நாட்டில் எந்த நோயாளியும் இப்படிப் பேசியதில்லை என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டோம்.

அன்று பச்சை நிமிடம் முடிந்து உட்காரும்போது அண்ணனிடமிருந்து போன் வந்தது. அண்ணன் பூவநாதன் கோவில்பட்டியில் இருக்கிறார். மினி பஸ் கண்டக்டராக இருந்தவர். இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்துக்கு மூன்று முறை மெஷினில் படுக்கும் நிலைமை. அவர் போனில் பேசினால் நான் காதிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் வைத்துக்கொள்வேன். அவ்வளவு தொண்டை.

“வணக்கம். நான் பூவநாதன் பேசுகிறேன். தாங்கள் நலமா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அண்ணே, குடிச்சிருக்கியா?”

அவர் சிரிக்க ஆரம்பித்து, மூச்சு வாங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“இல்ல வல்லி. வாய் அப்பிடியே பழகிப் போச்சு. இங்கன டயாலிசிஸ்காரங்க எல்லாருமே இப்ப இப்பிடித்தான் பேசுதோம்.”

“ஏன்?”

“நம்ம பேச்சுப் பேசுனா அது ‘காத்திருங்கள்’னு சொல்லிப் பாட்டப் போட்டுருது. பாட்டு முடிஞ்சா மறுக்கா பாட்டு. எங்ககூட டயாலிசிஸுக்கு வார தனலட்சுமி டீச்சர், அவுக ஒருத்தருக்குத்தான் கேட்டதும் இடம் கெடச்சுக்கிட்டு இருந்துச்சு. எப்பிடின்னு கேட்டா, மெதுவா, இலக்கணமா பேசணும்னாக. அழக்கூடாது, இருமக்கூடாது, பின்னால வண்டிச் சத்தம் கேக்கக்கூடாது. கக்கூசுக்குள்ள போயி கதவச் சாத்திக்கிட்டுப் பேசுதோம். எல்லாரையும்விட நல்லாப் பேசுதது நாந்தான்னு டீச்சர் சொன்னாக.”

அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. பஸ்ஸில் ஏறும் அத்தனை பேர் மாதிரியும் பேசிக் காட்டிச் சிரிக்க வைத்தவர் அல்லவா.

“சரி, இடம் கெடச்சுதா இல்லையா?”

“நல்லாக் கெடச்சுச்சு. ஒடனே ஒடனே கெடச்சுச்சு. உறுதி செய்யப்பட்டதுன்னு மெசேஜ் வருது. அங்கன போனா மெஷின் தொறக்க மாட்டேங்குது. எம் பேரு வரலையாம். ரெண்டு மொற போயி திரும்பியாச்சு. இன்னைக்கும் வந்து உக்காந்திருக்கேன். மெஷின் சும்மாதான் கெடக்கு, வல்லி. ஸ்டூலப் போட்டு அதையே பாத்துக்கிட்டு இருக்கேன்.”

“டாக்டர் என்ன சொல்றாரு?”

அவர் குரலை இறக்கிச் சொன்னார்.

“காலு வீங்கிச் செருப்பு நொழைய மாட்டேங்குது. படுத்தா மூச்சு முட்டுது. நாளைக்குள்ள மெஷின்ல ஏத்தலைன்னா நெஞ்சுல தண்ணி கோத்துரும்னு சொல்லுதாரு. நீ அந்தக் கம்பெனியிலதான இருக்க? என்னன்னு பாரேன்.”

நான் நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். கோவில்பட்டி பச்சையாக இருந்தது. எந்த ஊரையும்விடப் பளிச்சென்று இருந்தது. என் வயிறு எரிந்த எரிச்சலில் அந்தத் திரை பொசுங்கியிருக்க வேண்டும். பொசுங்கவில்லை.

நேராக இம்மானுவேலிடம் போனேன். குணவதியை உருவாக்கிய சோதனைப் பிரிவுக்காரன். பாதி நேரம் தூங்குவதுபோல இருப்பான், ஆனால் அந்த மாடியில் மூளை உள்ள மிகச் சிலரில் ஒருவன். அண்ணனின் பெயரைச் சொன்னேன். தட்டிப் பார்த்தான். காதில் கருவியை மாட்டி அண்ணனின் அழைப்புகளைக் கேட்டான். அவன் முகம் மாறியது.

“வல்லி, உங்க அண்ணன் கஸ்டமர் பட்டியல்லயே இல்ல.”

“பின்ன எங்க இருக்காரு?”

“என் பட்டியல்ல இருக்காரு. சோதனைக் குரல் பட்டியல். குணவதிக்கு அடுத்த வரி.”

“நீ போட்டியா?”

“நான் ஏன் போடறேன்? சீராக்கி போட்டிருக்கு.”

சீராக்கி என்பது போன வருடம் செயலிக்குள் வைத்த ஒரு புரோகிராம். தானாகவே கற்றுக்கொண்டு செயலியைச் சரிசெய்துகொண்டே இருக்கும். ஹரிபிரசாத் அதற்குக் கொடுத்த கட்டளை ஒன்றே ஒன்றுதான். சுவர் பச்சையாகவே இருக்க வேண்டும்.

“அது என்ன பண்ணியிருக்கு தெரியுமா?” என்றான் இம்மானுவேல். “குணவதி கூப்பிட்டு லேட் ஆனா சுவர்ல மஞ்சள் வரும். உங்க அண்ணன் கூப்பிட்டு லேட் ஆனா சுவர்ல ஒண்ணும் வராது. அவரை யாரு அளக்கறாங்க? அதனால அளக்கற ஆளுக்கு முதல் மரியாதை, அளக்காத ஆளுக்குப் பாட்டு. யாரும் சொல்லிக் குடுக்கலை, அதுவாவே கத்துக்கிச்சு.”

“இவ்வளவு அயோக்கியத்தனமா அதுவா கத்துக்கும்?”

“ஏன், நாம கத்துக்கலையா? ஹரி சார் இந்தப் பக்கம் வர்றப்ப மட்டும் எல்லாரும் நிமிர்ந்து உக்காந்து ஸ்கிரீனை முறைக்கறோமே. அதேதான்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“சரி. குணவதி மாதிரி பேசினதால முதல் மரியாதை கிடைச்சுது. அப்புறம் ஏன் மெஷின் திறக்கலை?”

இம்மானுவேல் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தான்.

“அது என் வேலை. குணவதிக்கும்தான் தினமும் இடம் கிடைக்குது. அவ போய்ப் படுக்கவா போறா? பொய்க் கஸ்டமருக்கு நிஜ மெஷின் வீணாகக் கூடாதுன்னு, சோதனைக் குரல்னு முத்திரை இருந்தா, என்ன கேட்டாலும் உறுதி மட்டும் சொல்லிட்டு, பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பாம வழியிலயே அழிக்கற மாதிரி எழுதி வச்சேன். சோதனைக்கூடத்துல அது ரொம்பச் சரி. உங்க அண்ணன் ரொம்ப நல்லாப் பேசிட்டாரு வல்லி. சீராக்கி அவரைத் தன் ஆளுன்னே நினைச்சுக்கிச்சு.”

“அந்த டீச்சருக்கு மட்டும் மெஷின் கிடைக்குதே?”

அவன் டீச்சரின் அழைப்பை எனக்கும் போட்டுக் காட்டினான். அழகான தமிழில் எல்லாம் கேட்டு முடித்துவிட்டுக் கடைசியில், “போன தடவை மாதிரி என்னை உட்கார வைத்துவிடாதே, கடங்காரா” என்று திட்டிவிட்டு வைத்தார். குணவதி திட்ட மாட்டாள். அந்த ஒரு திட்டுதான் டீச்சரை உயிரோடு வைத்திருந்தது.

“அண்ணனும் திட்டினா போதுமா?”

“முத்திரை விழுந்தாச்சு. இனிமே அவர் பஸ் ஸ்டாண்டுல நின்னு கத்தினாலும் குணவதிதான். அவருக்காக வேற யார் கூப்பிட்டாலும் அதே கதைதான். டீச்சர்கிட்ட பாடம் படிச்சவங்க இன்னும் பதினோரு பேர் இப்படி வந்து விழுந்திருக்காங்க.”

“எடுத்துடு.”

“எடுக்கலாம். ஆனா சோதனைக் குரல் எண்ணிக்கை குறைஞ்சா சுவர் மஞ்சளாயிடும். அதனால துணைத்தலைவர் ஒப்புதல் வேணும்.”

ஹரிபிரசாத்தின் அறை பதினாலாவது மாடியில். எங்கள் கட்டடத்து லிஃப்ட்டில் பொத்தானே கிடையாது. நம் செயலியை நாமே பயன்படுத்தாவிட்டால் ஊரான் எப்படி நம்புவான் என்று எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டவர் அவர்தான். லிஃப்ட், கேன்டீன், கார், விடுமுறை, வேலைக்கு ஆள் எடுப்பது, வேலையை விட்டு அனுப்புவது எல்லாம் முதல்மணியிடம் சொன்னால் நடக்கும்.

நான் உள்ளே போனபோது அவருக்குக் காபி வந்தது. கொண்டுவந்த பெண்மணியை அவர் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. போனை வாயருகே வைத்து, “மிக்க நன்றி. அருமையான சேவை” என்று முதல்மணியிடம் சொன்னார். அதுவும் சோதனைக்கூடத் தமிழில். நடந்ததை எல்லாம் சொன்னேன். கால் வீக்கம்வரை சொன்னேன். அவர் கண் என்மேல் இல்லை. மேஜையில் இருந்த சின்னத் திரையில் கோவில்பட்டியைத் தேடிக்கொண்டிருந்தார்.

“இதோ பாருங்க வல்லி. உங்க பிரதருக்கு ரெண்டு செகண்ட்ல கன்ஃபர்ம் ஆகியிருக்கு. ரெண்டு செகண்ட்! இதைவிட என்ன எதிர்பார்க்கறீங்க?”

“மெஷின் கிடைக்கலை சார்.”

“கிடைச்சாச்சு. பாருங்க, பச்சை.”

“ஆனா மெஷின் திறக்கலை சார். அவர் பக்கத்துலயே உக்காந்திருக்காரு.”

“அது மெஷின் பிரச்சினை. ஆஸ்பத்திரி ஸ்கோப். நம்ம ஸ்கோப் கன்ஃபர்ம் பண்றதோட முடிஞ்சுது. ஒரு தனி ஆளோட கதையை வச்சு டேட்டாவைச் சந்தேகப்படக் கூடாது. நீங்க கண்காணிப்புல இருந்துக்கிட்டு இப்படி எமோஷனலா பேசலாமா?”

தனி ஆளின் கதை. என் அண்ணன் ஒரு கதை, குணவதி ஒரு டேட்டா. அந்த மனிதரின் சட்டைப் பையில் பச்சை நிறப் பேனா ஒன்று செருகியிருந்தது. அதைப் பிடுங்கி எங்காவது குத்தலாமா என்று நினைத்தது நிஜம்.

“சார், அந்தச் சீராக்கியை ஒரு நாளைக்காவது நிறுத்துங்க. இது எங்க அண்ணன் ஒருத்தரோட நிக்கலை.”

“நாளைக்கு இன்வெஸ்டர்ஸ் வர்றாங்க. நாளைக்குப் போய் நிறுத்தச் சொல்றீங்களே!”

“அப்ப அண்ணனை மட்டுமாவது பட்டியல்லேருந்து எடுக்கறேன்.”

“எடுத்தா எண்ணிக்கை குறையும். மஞ்சள் வரும்.” கொஞ்சம் யோசித்தார். யோசிக்கும்போது அவர் முகம் ஏலக்காயைக் கடித்தவர் மாதிரி ஆகும். “ஒண்ணு பண்ணுங்க. ஒரு ஆளை எடுத்தா இன்னொரு ஆளை உள்ள போடுங்க. நல்லாப் பேசற, கம்ப்ளெயின்ட் பண்ணாத, திருப்தியான கஸ்டமரா இருக்கணும். ஒவ்வொண்ணுக்கும் இங்க வந்து நிக்காதீங்க.”

போனை எடுத்து முதல்மணியிடம் ஒப்புதலைச் சொன்னார். ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளச் செண்பகவல்லிக்கு அதிகாரம். நன்றி, அருமையான சேவை.

இம்மானுவேல் பட்டியலைத் திறந்தான். அண்ணனை வெளியே எடுத்தால் அவர் இடத்துக்குப் பொருத்தமான ஆள் யார் என்று சீராக்கியே பரிந்துரை செய்தது. கோவில்பட்டி, தனலட்சுமி, ஓய்வு பெற்ற ஆசிரியை. கடைசித் திட்டைக் கழித்துவிட்டால் குணவதிக்கு மிக நெருக்கமான பேச்சு அவருடையதுதானாம். அவர் பெயருக்கு நேரே ஒரு கட்டம். விரலால் தொட்டால் போதும்.

என் விரல் அந்தக் கட்டத்தின் பக்கத்தில் போய் நின்றது. அந்த அம்மாவை நான் பார்த்ததுகூட இல்லை. அண்ணனுக்கு நாளைக்குள் மெஷின் கிடைத்தாக வேண்டும். தொடவும் முடியாமல் எடுக்கவும் முடியாமல் அண்ணனுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

அந்தப் பக்கம் அவர் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம்.

“வல்லி, நான் எத்தன வருசம் கண்டக்டரா இருந்தேன்?”

“இப்ப எதுக்குண்ணே அது?”

“டிக்கெட் எடுத்த ஆள நடுவழில எறக்கி விட்டுட்டு, அந்த சீட்டுல நான் ஒரு நாளும் உக்காந்ததில்ல. டீச்சர் இந்தா பக்கத்துலதான் இருக்காக. எம் பேரக் கையாலயாவது எழுதிப் போடச் சொல்லி ஆஸ்பத்திரிக்காரன்கிட்ட சண்ட போட்டுக்கிட்டு இருக்காக. அவுக பேரத் தொட்ட, நான் மெஷினே வேண்டாம்னு வீட்டுக்குப் போயிருவேன்.”

“அப்ப யாரைப் போடறது? யாரைப் போட்டாலும் அவங்களும் ஒரு மனுசங்கதானே?”

“எனக்கென்ன தெரியும்? நீதான படிச்ச புள்ள.”

அவர் போனை வைத்துவிட்டார். நான் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அழுகை வந்தது, அழுதேன். அந்தச் சனியன் பிடித்த சுவர் அதற்கும் பச்சையாகவே இருந்தது.

இம்மானுவேல் என் தோளைத் தட்டினான்.

“அவர் என்ன சொன்னாரு? வார்த்தைக்கு வார்த்தை சொல்லு.”

“யாரு?”

“ஹரி சார்.”

“நல்லாப் பேசற, கம்ப்ளெயின்ட் பண்ணாத, திருப்தியான கஸ்டமர்.”

“கோவில்பட்டின்னு சொன்னாரா? நோயாளின்னு சொன்னாரா?”

“இல்ல.”

அவன் சீராக்கியின் பரிந்துரையை மூடிவிட்டு, முதல்மணியில் பேசும் அத்தனை பேரையும் திருப்தி வரிசையில் அடுக்கச் சொன்னான். ஒரு முறைகூடக் குறை சொல்லாதவர், ஒவ்வொரு முறையும் நன்றி சொன்னவர், பிசிறில்லாமல் பேசுகிறவர். பட்டியல் வந்தது. முதல் பெயரை நான் படித்தேன். இம்மானுவேலும் படித்தான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்போம்.

“ஒப்புதல் இருக்கு இல்ல?” என்றான்.

“இருக்கு. அவரே குடுத்ததுதான்.”

நான் தொட்டேன். பூவநாதன் வெளியே, ஹரிபிரசாத் உள்ளே. சுவரில் ஒரு கட்டம்கூடக் கண் சிமிட்டவில்லை. மறுபடி கூப்பிடு, கடைசியில் டீச்சர் மாதிரி ஒரு திட்டுத் திட்டிவிட்டு வை என்று அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன்.

மறுநாள் பச்சை நிமிடத்துக்கு ஹரிபிரசாத் வரவில்லை. வீட்டுக்குக் கார் வந்துவிட்டது என்று போன் சொல்லியும் வாசலில் காரைக் காணாமல், யாரோ பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்து விட்டதாகக் கேள்விப்பட்டேன். காவலாளி யாரையோ மேலே அனுப்பும்போது கூடவே லிஃப்ட்டில் ஏறிவிட்டாராம். முதலீட்டாளர்கள் வந்துவிட்டார்கள். கீழ்த்தளத்தில் மாலையும் சால்வையுமாகக் கூட்டம் காத்திருந்தது. அவர் மட்டும் இறங்கி வரவில்லை. என்னைப் போய்ப் பார்த்து வரச் சொன்னார்கள்.

லிஃப்ட்டுக்காக வாயைத் திறக்கப் போனபோது அண்ணனிடமிருந்து போன். காதில் வைத்ததும் செவிப்பறை கிழிந்தது.

“ஏ வல்லி! ஏத்திட்டாகம்மா! பேரு வந்துருச்சு! சத்தம் கேக்கா?”

பின்னால் மெஷின் பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்தது. அதையும் மிஞ்சிக்கொண்டு டீச்சர் யாரையோ திட்டும் சத்தம் கேட்டது. அண்ணன், “சாத்தூர், விருதுநகர், ஏறு ஏறு!” என்று தன் பழைய குரலில் கூவினார். நர்ஸ் அதட்டியதும் அடங்கிவிட்டார். நான் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டேன். சந்தோஷம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று மறந்தே போயிருந்தது.

பிறகு லிஃப்ட்டைக் கூப்பிடாமல் படியேறினேன். பதினாலு மாடி ஏறி மூச்சிரைத்தாலும் வாயில் சிரிப்பு நிற்கவில்லை.

ஹரிபிரசாத் கோட்டு போட்டுக்கொண்டு, மூடிய லிஃப்ட் கதவுக்கு முன்னால் நின்றிருந்தார். கோட்டுக்குள் வியர்த்திருந்தது. கையில் இருந்த போன் இனிமையான குரலில் சொன்னது: “லிஃப்ட் வந்துவிட்டது. தங்கள் பயணம் இனிதாகட்டும்.”

“மிக்க நன்றி. அருமையான சேவை” என்றார் பழக்கதோஷத்தில். என்னைப் பார்த்ததும் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டார். “வந்துட்டே இருக்கேன்னு கீழ சொல்லுங்க. லிஃப்ட் வந்துடுச்சு.”

“கதவு திறக்கலையே சார்.”

“அது டோர் பிரச்சினை. லிஃப்ட் கம்பெனிக்காரன் ஸ்கோப். நம்ம பக்கம் வந்தாச்சு. பாருங்க.” போனைத் திருப்பிக் காட்டினார். பச்சை. “காலையிலேருந்து காபிகூட மூணு தடவை டெலிவரி ஆயிடுச்சு. டேபிள்லதான் காணோம். யாரோ எடுத்துக் குடிச்சிடறாங்க.”

“ஆமா சார்,” என்றேன். “பச்சைதான்.”

நான் வாயைத் திறந்து கேட்டிருந்தால் லிஃப்ட் வந்திருக்கும். அவரும் ஏறி இறங்கியிருக்கலாம். நான் கேட்கவில்லை. அவரும் படிக்கட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. படியில் இறங்கினால் லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். பசியோடு நிற்பார், வியர்த்துக்கொட்ட நிற்பார், அதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார். இவரைப் போன்றவர்களை வைத்துக்கொண்டுதான் ஊருக்கே உயிர் கொடுக்கிறோம் என்று பீற்றிக்கொள்கிறோம்.

என் சிரிப்பை அவர் கவனித்துவிட்டார்.

“எதுக்குச் சிரிக்கறீங்க?”

“எங்க அண்ணனுக்கு மெஷின் கிடைச்சுது சார்.”

“அதான் நேத்தே கிடைச்சாச்சுன்னு சொன்னேனே!” என்று சீறினார். எரிச்சல் எல்லாம் என்மேல் திரும்பியது. “டேட்டாவை நம்பாத ஆள் எனக்கு வேண்டாம்.” போனை உயர்த்தினார். “செண்பகவல்லி, கண்காணிப்புப் பிரிவு. இன்று முதல் பணிநீக்கம்.”

“செண்பகவல்லி பணிநீக்கம் செய்யப்பட்டார்,” என்றது முதல்மணி. “வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?”

“நன்றி,” என்றார்.

“நன்றி சார்,” என்றேன் நானும். இறங்கி வந்தேன்.

கீழே முதலீட்டாளர்கள் பொறுமை இழக்காமல் இருக்க, இம்மானுவேல் அவர்களை ஒவ்வொருவராக முதல்மணியிடம் பேச வைத்துக்கொண்டிருந்தான். குளிர்ந்த தண்ணீர் கேட்டார்கள், வந்தது. பழச்சாறு கேட்டார்கள், வந்தது. “வொண்டர்ஃபுல்”, “அருமை”, “நன்றி” என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். மாலை வாடும்வரை சொன்னார்கள். அத்தனை குரலும் பதிவாகிக்கொண்டிருந்தது. நான் அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

“டீச்சர்கிட்ட படிச்சவங்க பதினோரு பேருன்னு சொன்னேல்ல?”

“ஆமா.”

“இங்க எத்தனை பேர்?”

“எண்ணிட்டேன்,” என்றான். “பத்துப் பேர்தான். ஒருத்தர் குறையுது.”

“மார்க்கெட்டிங் தலைவர் இருக்காருல்ல?”

“அட, ஆமா,” என்றான்.

சீராக்கி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதை நிறுத்த ஒப்புதல் தர வேண்டியவர்கள் எல்லோரும் இப்போது திருப்தியான வாடிக்கையாளர்களாக இருக்கிறார்கள். நோயாளிகள் பாடப்புத்தகம் மாதிரி பேசிவிட்டுக் கடைசியில் ஒரு திட்டுத் திட்ட வேண்டும் என்று டீச்சர் வகுப்பெடுக்கிறார். இது வைத்தியம் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பதினோரு பேரும் அன்று மாலைக்குள் மெஷினில் படுத்தார்கள்.

அடுத்த நாள் காலை, பணிநீக்கம் செய்யப்பட்ட நான் வழக்கம்போல வேலைக்குப் போனேன்; வாசல் கதவு எனக்குத் திறந்தது. மொத்த மாடியும் எழுந்து நின்றது. சுவரில் ஒவ்வொரு ஊரும் பச்சை. நான் முதல் முறையாகச் சத்தம் வரும்படி கை தட்டினேன்.